மூன்று கிலோ என்று எழுதிக் கொடுத்தேன்

வீடு,
பத்தாம் தேதி, திங்கட்கிழமை.

அன்பு மகள் முந்திரிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். எனக்கு முட்டி வலி, அம்மாவுக்கு என் மேல் கோபம், மற்றபடி குறையில்லை. உனக்கு மூச்சு வாங்குவது கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். உன் மூன்றாவது மாடி வீட்டுக்கு ஏறும்போது, இரண்டாவது மாடியில் நின்று சாவி தேடுகிற மாதிரி பையைக் கிளறுவேன் என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நாலு அறை கொடுத்திருக்கலாம்.

நீ அனுப்பிய படிவம் சனிக்கிழமை வந்தது. மூன்று வருஷமாக ஆஸ்துமா என்று இன்ஹேலர் எழுதிக் கொடுத்த டாக்டரை விட்டுவிட்டுப் புது டாக்டரம்மாவிடம் போனது சரிதான். ஆனால் இந்த அம்மா என்ன, பெண் பார்க்க வந்தவர் மாதிரி இவ்வளவு கேட்கிறார்? வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இதய நோய் என்று கேட்டால் நியாயம். முப்பது வயசுப் பெண் மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால், அவள் எத்தனை மாதத்தில் பிறந்தாள், எத்தனை எடை இருந்தாள், பிறந்ததும் மெஷின் வைத்தார்களா என்றெல்லாம் கேட்பார்களா? என் காலத்தில் நாக்கை நீட்டு என்பார்கள், நீட்டுவோம், மருந்து தருவார்கள், முடிந்தது.

கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். நிறைமாதம். சுகப்பிரசவம். எடை மூன்று கிலோ. மெஷின் எதுவும் வைக்கவில்லை. அம்மா, அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கீழே இருந்தது. அம்மா கண்ணாடியைக் காணவில்லை என்று சொல்லிவிட்டாள். கண்ணாடி அவள் தலையிலேதான் இருந்தது. ஒரு கையெழுத்துப் போதும் என்று நினைத்து நானே போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

சாயங்காலமானால் ஷூ இறுக்குகிறது என்றாய். நாள் முழுக்க நின்றால் அப்படித்தான். ஒரு சைஸ் பெரிசாக வாங்கிக்கொள்.

மேல் நிலையத்து விஷயம். ரோப் கார் கம்பெனியில் கீழ் நிலையத்தில் ஆறு வருஷம் மோட்டாரோடும் இரும்புக் கயிற்றோடும் மல்லுக்கட்டி நல்ல பெயர் வாங்கியிருக்கிறாய். இப்போது மேலே தலைமை மெக்கானிக்காகக் கூப்பிடுவது பெருமைதான். எதிர்க் கடைக்காரரிடம் சொல்லியும் விட்டேன், அவர் ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார். ஆனால் நாலாயிரம் மீட்டர் உயரம், ஆறு மாதம் கீழே இறங்காமல் அங்கேயே தங்க வேண்டும் என்கிறாய். கீழே இருந்தால் என்ன குறைச்சல் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் மனசில் முள்ளாகக் குத்துகிறது. பள்ளிக்கூடத்தில் இருந்து எல்லாரும் என்னைச் சோம்பேறி என்றுதானே சொன்னீர்கள், மேலே போய்க் காட்டுகிறேன் என்றாய். யார் உன்னைச் சோம்பேறி என்றது? சரி, நானும் ஒன்றிரண்டு தடவை சொல்லியிருப்பேன். அப்பன் சொல்லாமல் யார் சொல்வார்கள்?

கடையில் வேலை பரவாயில்லை. காய்கறிக் கடை அம்மாள் தன் தராசு நிறையக் காட்டுகிறது என்று எடுத்து வந்தாள். திறந்து பார்த்தால் அடியில் ஒரு கரப்பான்பூச்சிக் குடும்பம் குடியிருக்கிறது. அவைகளும் சேர்ந்துதான் இத்தனை நாளாக வெங்காயத்தோடு விலை போயிருக்கின்றன. இதைச் சொன்னால் நீ சிரிப்பாய் என்று எழுதினேன்.

டாக்டரம்மா என்ன சொன்னார் என்று உடனே தெரிவி. கண்ட நேரத்தில் சாப்பிடாதே. நீ நல்லபடியாக இருந்தால் நாங்களும் நல்லபடியாக இருப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா.


வீடு,
இருபத்தோராம் தேதி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகளுக்கு,

இதை வேலை நடுவில் நின்றுகொண்டு படிக்காதே. வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படி. முந்தாநாள் போன் பண்ணியது இதைச் சொல்லத்தான். அங்கே மழையா, இங்கே வெயில் என்று உளறிவிட்டு வைத்துவிட்டேன். வாயால் வராதது கையாலாவது வரட்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். படிவத்தில் நான் எழுதிக் கொடுத்தது பொய். நீ நிறைமாதத்தில் பிறக்கவில்லை, இருபத்தாறாவது வாரத்தில் பிறந்தாய். மூன்று கிலோ இல்லை, எண்ணூற்று இருபது கிராம். தொண்ணூற்றேழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். அதில் நாற்பத்தோரு நாள் மெஷின்தான் உனக்கு மூச்சுக் கொடுத்தது. இதற்கான ஆஸ்பத்திரிக் காகிதம் நாலு பக்கம் இதோடு இருக்கிறது. நகல் இல்லை, அசல். இதை உன் டாக்டரம்மா கையில் கொடுத்து, அவர் பார்த்து ஒரு முடிவு சொல்லும் வரை மேலே போகாதே. என் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்று தோன்றினால் கிழி. காகிதத்தைப் பத்திரமாக வை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ எவ்வளவு சந்தோஷமாகப் போன் பண்ணினாய்! படிவத்தைப் பார்த்த டாக்டரம்மா, பிறப்பில் கோளாறு இல்லை என்று அந்த வரியை அடித்துவிட்டார், ஆஸ்துமாவும் கொஞ்சம் பயமும்தான் என்று சொல்லி இன்ஹேலரை மாற்றிக் கொடுத்தார், மேல் நிலையத்துக்குப் போகலாம் என்று சான்றிதழும் கொடுத்துவிட்டார் என்றாய். ஒன்றாம் தேதி கிளம்புகிறேன் என்றாய். நான் சந்தோஷம்மா என்றேன். சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். அம்மாதான் வந்து மூடினாள். அன்றிலிருந்து இன்று வரை என்னிடம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து ஆள் வந்தது, குழந்தைகள் வார்டில் தராசு மக்கர் பண்ணுகிறது என்று. நீ பிறந்த ஆஸ்பத்திரி அது இல்லை, அது பழைய ஊரில் இருக்கிறது. ஆனால் அந்த வார்டுகள் எல்லாம் ஒரே வாசனை. முப்பது வருஷமாக ஏதாவது சாக்குச் சொல்லி அந்த மாதிரி வார்டுப் பக்கமே போகாமல் தப்பித்துவந்தவன், அன்றைக்கு ஏனோ போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிஞ்சு. என் உள்ளங்கை அகலம்கூட இல்லை அதன் முதுகு. தராசைத் திறந்தவன் மரையை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தேன்.

வார்டு டாக்டர், உன்னைவிட நாலைந்து வயசு பெரியவர் இருப்பார், பொறுமையான பெண். அவரிடம், என் நண்பனுக்கு ஒரு மகள், இப்படிக் குறைமாதத்தில் பிறந்தவள், இப்போது வயசு முப்பது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மலைக்குப் போகிறேன் என்கிறாள் என்று கேட்டேன். அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். கால் வீங்குமா என்று அவராகவே கேட்டார். ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கச் சொன்ன மகான் நான்தானே!

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பிருந்தால் உன் டாக்டரம்மா திருத்தட்டும். நுரையீரலுக்குள் காற்று தங்கும் சின்னச் சின்னப் பைகள் கடைசி மூன்று மாதத்தில்தான் பெருகுமாம். அதற்கு முன்பே வெளியே வந்து மெஷின் காற்றில் வளர்ந்த நுரையீரல், ஆள் வளர்ந்த பிறகும் சில பேருக்கு முழுசாகத் தேறாதாம். அதற்குள் ரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலது பக்கம் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். ரத்த அழுத்தமும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் ஏறும். பல பேருக்கு ஒன்றும் தெரியாமலே ஓடிவிடும், சில பேருக்கு இருபது முப்பது வயசில் மாடிப்படியில் தெரியும். ஆஸ்துமா மாதிரியே இருக்கும், ஆஸ்துமா மருந்துக்கு அடங்காது. காற்று மெலிந்த உயரத்தில் அந்த வலது பக்கம் இன்னும் திணறும். எக்கோ எடுக்காமல், நுரையீரல் சோதனை பண்ணாமல் அவளை மேலே அனுப்பவே கூடாது என்றார். இப்படிப் பிறந்தவர்கள் எத்தனை வயசானாலும் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான் என்றார். கடைசியில், உங்கள் நண்பரை இன்றைக்கே மகளிடம் சொல்லச் சொல்லுங்கள் என்றார். நண்பர் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் எனக்கு மூன்று நாள் ஆகிவிட்டது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். கேட்க வேண்டியதுதான்.

நீ பிறந்த மூன்றாம் நாள்தான் நர்ஸம்மா உன்னை முதல் தடவையாக எடை போட்டு எண்ணூற்று அறுபது என்று எழுதினார். எனக்கு அந்தத் தராசைப் பார்த்ததுமே சந்தேகம். நாற்பது கிராம் அதிகம் காட்டுகிறது என்றேன். ஆஸ்பத்திரித் தராசையே குறை சொல்கிறீர்களா என்று சண்டைக்கு வந்தார். விடுவேனா? கடைக்கு ஓடிப்போய் எடைக்கல் பெட்டியைத் தூக்கிவந்தேன். வராந்தாவிலேயே உட்கார்ந்து அதைப் பிரித்துச் சரிபண்ணினேன். நான் சொன்னது அச்சு அசலாகச் சரி, நாற்பது கிராம். மறுபடி உன்னை வைத்தார்கள். எண்ணூற்று இருபது. நர்ஸம்மா முதலில் எழுதியதை அடித்துவிட்டு எழுதினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த உன் அம்மா, நாற்பது கிராம் குறைந்துவிட்டாள், என் பிள்ளை கரைகிறாள் என்று கத்தினாள். இல்லை, தராசுதான் தப்பு என்று சொன்னால் அவள் காதில் ஏறவே இல்லை. இருக்கிற எடையையும் பிடுங்கிக்கொண்டவன் மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை என் வாழ்க்கையில் ஒரு தராசு பொய் சொல்லட்டும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றைக்கு நினைத்தேன். இன்னும் நாற்பது கூட்டிச் சொன்னாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று உன் பெரியம்மா வந்தாள். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, இது தங்குமா என்று கேட்டாள். கெட்ட எண்ணம் இல்லை, வாய்தான் அவளுக்கு அப்படி. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அம்மா ஒடிந்துவிட்டாள். இனி யாரும் என் பெண்ணைப் பார்த்து இந்தக் கேள்வி கேட்கக் கூடாது, கேட்காத ஊருக்குப் போவோம் என்றாள். வந்துவிட்டோம். இங்கே தடுப்பூசி போட்ட இடத்தில் பிறந்த எடை என்ன என்று கேட்டார்கள். மூன்று கிலோ என்றேன். கூசாமல் வந்தது. கேட்ட அம்மாள் உன் கன்னத்தைத் தட்டி, நல்ல எடை என்றாள். உன் அம்மா முகத்தில் அத்தனை மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் ஒரு களை வந்தது. அந்தக் களைக்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னேன். பள்ளிக்கூடத்துப் படிவம், காய்ச்சலுக்குப் போன டாக்டர், எல்லா இடத்திலும் மூன்று கிலோ.

உன் வலது விலாவில் இருக்கும் தழும்பு கட்டிலில் இருந்து விழுந்ததால் வந்ததில்லை. நுரையீரல் சுருங்கிப்போன அன்று குழாய் போட்ட இடம். பிறந்த புதிதில் எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லையே என்று கேட்பாய், படச்சுருள் வெளிச்சம் பட்டுப் பாழாகிவிட்டது என்றேன். போட்டோவே எடுக்கவில்லை. எடுத்தால் அதுதான் கடைசி என்று ஆகிவிடுமோ என்று பயம். உனக்கு முந்திரி என்று பெயர் வந்தது எல்லார் பேச்சிலும் முந்திக்கொண்டு வாயைக் கொடுப்பதால் இல்லை, நாளுக்கு முந்திப் பிறந்ததால். இதெல்லாம் நீ மேலும் கீழும் யோசித்துத் திண்டாட வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவும்கூட மன்னிக்கக்கூடியது என்று நீ நினைக்கலாம். மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. பத்து வயசில் ஓட்டப் பந்தயத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டாய். உதடு நீலமாக இருந்தது. விளையாட்டு வாத்தியார் எல்லார் முன்னாலும் உன்னைச் சோம்பேறி என்றார். நீ வீட்டுக்கு வந்து, நெசமாவே முடியலப்பா என்று அழுதாய். எனக்குக் காரணம் தெரியும். இந்த ஊரில் தெரிந்தவர்கள் நானும் அம்மாவும் இரண்டே பேர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மூச்சு வாங்குவதெல்லாம் மனசுதான், மற்ற பிள்ளைகள் ஓடவில்லையா என்றேன். நீ அதை நம்பினாய். அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாய். இருபது வருஷமாக அதையே சுமந்துகொண்டு, ஒவ்வொரு மாடிப்படியிலும் உன்னையே நீ திட்டிக்கொண்டிருக்கிறாய். இப்போது நாலாயிரம் மீட்டர் ஏறிக் காட்டப் போகிறாய். உன்னை அங்கே ஏற்றுவது அந்தக் கம்பெனி இல்லை, நான்.

நீ பெரியவளானதும் அம்மா சொல்லிவிடலாம் என்றாள். பதினெட்டு முடிந்தபோது கேட்டாள், வேலை கிடைத்தபோது கேட்டாள். ஆறின புண்ணைக் கிளறாதே என்று நான்தான் அடக்கினேன். எது ஆறியது, எது ஆறவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் தராசு பழுது பார்க்கிறவன், டாக்டரா? ஊரான் தராசில் ஐந்து கிராம் தப்பினால் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்குவேன். என் பெண் விஷயத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் கூட்டி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். காறித் துப்ப வேண்டும்.

இந்தக் காகிதத்தை நான் தேடவில்லை. அம்மா அதை எங்கே வைத்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. நேற்று வேலை முடிந்து வந்தபோது, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் இடத்தில் தட்டு இல்லை, இதுதான் இருந்தது. மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் துணி வைத்து ஒட்டியிருக்கிறது. முப்பது வருஷத்தில் எத்தனை தடவை எடுத்துப் படித்திருக்கிறாள் என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

இனி நீ செய்ய வேண்டியது. திங்கட்கிழமையே லீவு போட்டு டாக்டரம்மாவிடம் போ. என் அப்பா பொய் எழுதினார் என்று வெட்கப்படாமல் சொல். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், தப்பு முழுக்க என்னுடையது, உன்மேல் ஒன்றும் இல்லை என்று. எக்கோ எடுக்கச் சொல், வலது பக்கத்தைக் குறிப்பாகப் பார்க்கச் சொல். ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல். கம்பெனியில் ஒன்றாம் தேதி வர முடியாது என்று சொல்லிவிடு. அந்த இடத்துக்கு வேறு ஆள் போனால் போகட்டும். மருந்து இருக்கிறது, கண்டுபிடித்துக் கவனித்தால் நன்றாக இருப்பார்கள் என்று அந்த வார்டு டாக்டர் சொன்னார். எல்லாருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் உன்னிடம் இனிமேல் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நீ சோம்பேறி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. மற்றவர்கள் சும்மா ஏறுகிற படியை நீ பாரம் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாய், பாரம் இருப்பதுகூடத் தெரியாமல். யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. எனக்கு நிச்சயமாக வேண்டியதில்லை.

அம்மா இப்போது பக்கத்தில் வந்து நிற்கிறாள். நான் எழுதுவதை ஒவ்வொரு வரியாகப் படிக்கிறாள். நான் வரட்டுமா என்று கேள் என்கிறாள். ஐந்து நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நீ சரி என்றால் அவள் மட்டும் வருவாள். என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்காது என்று தெரியும், நான் கேட்கவும் மாட்டேன்.

இதைப் படித்த பிறகு என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றும். போன் பண்ணித் திட்டு. மனசில் வைத்துப் புழுங்காதே. குறுக்கே பேச மாட்டேன், நியாயம் சொல்ல மாட்டேன். முழுசாகச் சொல்லி முடி. நடுவில் மூச்சு வாங்கினால் நிறுத்திக்கொள், உட்கார்ந்துகொள், மெதுவாக விட்ட இடத்தில் இருந்து ஆரம்பி. எவ்வளவு நேரமானாலும் நான் போனை வைக்க மாட்டேன்.

நீ நல்லா இருக்கணும், கண்ணு.

இப்படிக்கு,
அப்பா.